முதலில் குறை, அப்புறம் ஷாக்: பிக்கப் சஸ்பென்ஷன் பிழை நீக்கும் வழிமுறை

பிக்கப் வைத்திருக்கும் நண்பர்கள் "எந்த ஷாக் நல்லது, ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டால் (வண்டியை உயர்த்தினால்) போதுமா" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "வண்டி என்ன பண்ணுது?" என்பதுதான். பல வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்து வந்த பழக்கம் இது. பின்பக்கம் தொங்குகிறது என்று விலை உயர்ந்த ஷாக்கை மாட்டியிருப்பார்கள். தொங்கல் அப்படியே இருக்கும். ஆடுகிறது என்று பின் ஸ்பிரிங்குக்குத் தடித்த பட்டையைப் போட்டிருப்பார்கள், ஆட்டம் கூடியிருக்கும். எடையைச் சுமப்பதும் உயரத்தைத் தருவதும் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவது ஷாக். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டி காட்டும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். முதல் மூன்றும் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை. மற்றவை மாட்டிய பிறகு வருபவை. முன்னால் இரட்டை விஷ்போனும் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல், கீழ் கண்ட்ரோல் ஆர்ம்கள்) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) உள்ள வண்டியை வைத்து எழுதுகிறேன். இன்றைய ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர் பெரும்பாலும் இந்த அமைப்புதான். ராம் 1500க்கு 2009 முதல் பின்னாலும் காயில் என்பதால், பட்டை பற்றிச் சொல்வது அதற்குப் பொருந்தாது. லிஃப்ட் என்று நான் சொல்வது 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை உயர்த்துவதை.

எதைத் தொடுவதற்கும் முன்: டேப், சாக்பீஸ், ஒரு பிளாஸ்டிக் டை

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இருக்கட்டும். நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலி வண்டியில் ஒரு முறை, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு முறை. தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானம் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஷாக்கின் தண்டு வெளியே தெரிந்தால் அதில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டி, உடம்பை ஒட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். தண்டு மூடியிருந்தால், சக்கரம் அளவுக்கு மீறி மேலே போகாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் மேல் ஓர் உருண்டை களிமண்ணை ஒட்டுங்கள். வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. களிமண் நசுங்கியிருந்தால் சக்கரம் மேலே போய் இடித்திருக்கிறது. இந்தச் சின்ன வேலையை யாரும் செய்வதில்லை. பத்துப் பேரிடம் கருத்துக் கேட்பதைவிட அதிகம் சொல்லும்.

அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, ஒரு முறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே விடவேண்டும்.

அறிகுறி 1: பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது

பாரத்தை இறக்கிவிட்டு மறுபடி அளங்கள்.

*உயரம் திரும்பி வந்துவிட்டது என்றால்* பட்டை நன்றாக இருக்கிறது, சுமைதான் அதற்கு அதிகம். எப்போதும் இருக்கும் சுமையா, எப்போதாவது வருவதா என்று பிரியுங்கள். கேனப்பி (பின்பெட்டி மேல் மூடி), டூல் பாக்ஸ், தண்ணீர்த் தொட்டி என்று இறக்கவே இறக்காத எடை என்றால், அந்த எடைக்கென்றே வரும் பட்டைக் கட்டை வாங்குங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் "காலி", "நிரந்தரமாக இத்தனை கிலோ" என்று பிரித்தே விற்பார்கள். உங்கள் நிரந்தர எடையை எடைமேடையில் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் கண்ணால் போடும் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எப்போதாவது மட்டும் ஏற்றுகிறவர்களுக்குக் காற்றுப்பை நல்ல துணை. காலியாக ஓடும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்றுப்பை போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. ஆக்சில், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவைதானே.

*திரும்பி வரவில்லை என்றால்* பட்டை தளர்ந்துவிட்டது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: வில் போல வளைந்திருக்க வேண்டியது தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருக்கும். ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும், குறிப்பாகப் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் பக்கம், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச் அடியுங்கள். விரிசல் மெல்லிய துருக்கோடு போலத்தான் தெரியும். தளர்ந்த கட்டுக்குள் ஒரு புதுப்பட்டையைச் சேர்த்தால் கொஞ்ச நாள் நிமிரும்; எடையின் பெரும்பங்கு அந்த ஒற்றைப் பட்டை மேல் விழுவதால் சவாரியும் கெடும். முழுக் கட்டையும் மாற்றுவதுதான் சரி. பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் பழையதே போதும் என்று திரும்பப் போடாதீர்கள். அது ஒரு முறை இறுக்கும்போதே நீண்டுவிடுகிற சாமான்.

*ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால்* முதலில் டயர் காற்று, அப்புறம் பெட்டிக்குள் எடை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதன் பிறகு இரண்டு பக்கமும் முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை அளங்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். மெக்கானிக்கை இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: வேகத்தடை தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை

இதுதான் உண்மையிலேயே ஷாக்கின் குறை. பெட்டியின் ஓரத்தைக் கையால் அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை சின்னக் காருக்குச் சரி. கனமான பிக்கப்பில் அதை நம்பமுடியாது. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரடுமுரடான பாதையில் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஷாக்கின் உடம்பிலும் புறங்கையை அருகே கொண்டுபோங்கள். நேராகத் தொட்டுவிடாதீர்கள், சுடும். ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. அதே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

அப்புறம் எண்ணெய். தண்டைச் சுற்றி லேசான எண்ணெய்ப் படலமும் அதில் தூசியும் இருப்பது இயல்பு. உடம்பு முழுக்க நனைந்து கீழே வழிந்திருந்தால் போய்விட்டது. டயரைத் தடவும்போது மேடு பள்ளமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தட்டுப்பட்டால் அதுவும் ஷாக் தளர்ந்ததற்கு அடையாளம்.

எண்ணெய் வழியவில்லை, சூடும் சமம், ஆனாலும் லொடலொடவென்று இருக்கிறதா? ஷாக்கின் மேல், கீழ் கண்களில் (மாட்டும் துளைகளில்) உள்ள ரப்பர் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். நல்ல ஷாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை புஷ்ஷில் இருந்திருக்கும்.

வாங்குவதென்றால் எது? தார்ச்சாலையும் மிதமான பாரமும் என்றால் நல்ல இரட்டைக்குழாய் கேஸ் ஷாக் போதும். மண்பாதையில் மணிக்கணக்கில் வேகமாகப் போகிறவர்களுக்குச் சூடுதான் எதிரி. எண்ணெய் நுரைத்துவிட்டால் நல்ல ஷாக்கும் பாதி வழியில் கைவிரிக்கும். அவர்களுக்கு ஒற்றைக்குழாய் ஷாக் பொருந்தும். அதில் எண்ணெயும் நைட்ரஜனும் நடுவில் ஒரு பிஸ்டனால் பிரிந்திருக்கும், சூடும் நேராக வெளியேறும். ஆனால் வெளிக்குழாயில் ஒரு கல் அடித்து நசுங்கினாலே ஒற்றைக்குழாய் ஷாக் சிக்கிக்கொள்ளும். அதனால் கல் நிறைந்த பாதையில் மெதுவாக ஏறி இறங்குகிறவர்களுக்கு, குழாய்க்கு நடுவே நுரைப்பொருள் வைத்த தடித்த இரட்டைக்குழாய் ஷாக்கையே நான் சொல்வேன். எண்ணெய்க்குத் தனித் தொட்டி உள்ள ஷாக் அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். உங்கள் பழைய ஷாக் சூட்டில் தளர்ந்ததே இல்லை என்றால் அந்தத் தொட்டியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

பின்பக்க ஷாக் வாங்கும்போது இரண்டு நீளம் வேண்டும்: பம்ப் ஸ்டாப் இடிக்கும்போது மேல் கீழ் மவுண்டுகளுக்கு நடுவே எவ்வளவு, சக்கரம் முழுவதும் தொங்கும்போது எவ்வளவு. ஷாக்கின் மூடிய நீளம் முதலாவதைவிடக் குறைவாகவும், விரிந்த நீளம் இரண்டாவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் இருக்க வேண்டும். மூடிய நீளம் தவறினால் பள்ளத்தில் ஷாக்கே பம்ப் ஸ்டாப்பாகி, மவுண்டையும் பிய்த்துக்கொண்டு வரும்.

அறிகுறி 3: பள்ளத்தில் விழுந்தால் "டொம்" என்று இடிக்கிறது

பம்ப் ஸ்டாப் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் ரப்பர் உதிர்ந்து இரும்புத் தட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். இருந்தும் களிமண் நசுங்குகிறது என்றால் அறிகுறி 1க்குப் போங்கள். தொங்கிய வண்டிக்கு மேலே போக இடமே இல்லை. உயரம் சரியாக இருந்தும் இடித்தால் மட்டும் ஷாக்கின் அமுக்க விறைப்பைப் பற்றி யோசியுங்கள்.

அறிகுறி 4: புதியது போட்ட பிறகு தூக்கித் தூக்கிப் போடுகிறது

முதலில் காற்று. பெரிய டயரும் சேர்த்துப் போட்டிருந்தால், கடையில் ஏற்றிய அழுத்தம் பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

அடுத்தது புஷ் இறுக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததில் பாதிக்குமேல் இதுதான். கண்ட்ரோல் ஆர்மிலும் பட்டையின் கண்ணிலும் உள்ள ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை போல்ட் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள, வெளிப்பக்கம் ஆர்மோடு அசையும். வண்டியை ஒர்க்ஷாப் தூக்கியில் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், தரைக்கு இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி ஒரு விரல் உயரமாகத் தெரியும், சவாரி கட்டை மாதிரி இருக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும்.

என் வண்டியிலேயே இது நடந்தது. புதுக் காயில், புது ஷாக் போட்டு வந்த மறுநாள் சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகில் தெரிந்தது. ஷாக்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அதற்கு முன் ஒரு முயற்சி என்று, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க, கீழ் ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தினேன். நட்டு அரைச் சுற்று வந்ததும் "டங்" என்று ஒரு சத்தம். ஆர்ம் கண்ணெதிரே அசைந்து, மட்கார்டு விளிம்பு கொஞ்சம் இறங்கியது. நான்கு போல்ட்டையும் அதேபோலத் தளர்த்தி, வண்டியை ஒரு முறை ஆட்டி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கினேன். அன்று மாலை ஓட்டியது வேறு வண்டி. ஒரு காசும் செலவாகவில்லை.

இதுவும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங்கைத் தவறாக வாங்கியிருக்கிறீர்கள். 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான பட்டையைக் காலி வண்டியில் போட்டால் எந்த ஷாக்காலும் மென்மை வராது. 300 கிலோவை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சவாரி சட்டென்று நன்றாகிவிட்டால் குற்றவாளி பட்டைதான். கடையில் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: லிஃப்ட்டுக்குப் பிறகு "டக்" சத்தம்

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் பிடியுங்கள்.

*முதல் சில நூறு மீட்டர் மட்டும், பிறகு இல்லை:* இரட்டைக்குழாய் ஷாக் அட்டைப்பெட்டியில் படுத்தே வந்ததால் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுக்க இழுத்து அமுக்கியிருந்தால் வந்திருக்காது. கவலை வேண்டாம்.

*மெதுவாகப் போகும்போது, சின்ன மேடுகளில்:* தளர்ந்த நட்டு. ஷாக்கின் மேல் நட்டு, ஸ்வே பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க், யூ போல்ட் என்ற வரிசையில் பாருங்கள். ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்ட, நீங்கள் ஒவ்வோர் இணைப்பின் மேலும் விரல் நுனியை வையுங்கள். காது ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. தளர்ந்த இடத்தில் அந்த "டக்" விரலில் அடிக்கும். எந்த சஸ்பென்ஷன் வேலைக்குப் பிறகும் முதல் 500 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பது கட்டாயம்.

*மேட்டிலிருந்து இறங்கி சக்கரம் தொங்கும் நொடியில்:* ஷாக் முழுவதும் விரிந்து மேல்முட்டு இடிக்கிறது. முன்னால் ஸ்பிரிங்குக்கு மேல் வளையம் வைத்து அழுத்தி உயரம் எடுத்திருந்தால் இது வரும். ஷாக்கின் நீளம் பழையது, வண்டி ஏற்கெனவே அதன் மேல்முனைக்கு அருகில் நிற்கிறது. பின்னால் பட்டையை உயர்த்திவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டிருந்தாலும் இதே கதைதான். தீர்வு, நீளம் கூடிய ஷாக். அல்லது உயரத்தை 10, 15 மில்லிமீட்டர் குறைப்பது. குறைத்துப் பார்ப்பதுதான் மலிவு.

*தொங்கும்போது "டங்" என்று இரும்பில் இரும்பு:* ஸ்ட்ரட்டுக்கு (முன்னால் ஷாக்கும் காயிலும் சேர்ந்த அமைப்பு) மேல் கட்டை வைத்து உயர்த்திய வண்டியில் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். மேல் ஆர்ம் காயிலில் மோதும், அதன் முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் எல்லைக்குப் போய் நெம்பும். காயிலிலோ ஆர்மின் உள்பக்கத்திலோ பெயின்ட் பளிச்சென்று உரிந்திருக்கும். அந்தக் கட்டையின் தடிமன் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரத்தில் உயரும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 50 மில்லிமீட்டர் வேண்டும் என்று 50 மில்லிமீட்டர் கட்டையை வைத்தால் இப்படித்தான் ஆகும். மெல்லிய கட்டைக்கு மாறுங்கள், அல்லது அதற்கென்று வரும் மேல் ஆர்ம் போடுங்கள்.

காயிலை ஸ்ட்ரட்டிலிருந்து பிரிக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். அமுங்கிய காயில் கம்ப்ரஸரிலிருந்து நழுவினால் ஆளைக் கொல்லும். கேஸ் ஷாக்கை வெட்டுவதும் சூடுகாட்டுவதும் அப்படியே.

அறிகுறி 6: ஸ்டீயரிங் அலைகிறது, தானாக நேராகவில்லை

முன்பக்கத்தைத் தூக்கினால் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். அது குறைந்தால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலைன்மென்ட் (சக்கரக் கோணச் சரிபார்ப்பு) எடுத்துவிட்டோமே என்பார்கள். அந்த அச்சுத்தாளை வாங்கிப் பாருங்கள்: பல இடங்களில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். கேஸ்டர் இரண்டு பக்கமும் எவ்வளவு என்று கேளுங்கள். வண்டிக்குக் குறித்த அளவுக்குள் வரவே இல்லை, சரிசெய்யும் போல்ட் கடைசி வரை போய்விட்டது என்றால், அப்போதுதான் கேஸ்டர் கூட்டிய மேல் ஆர்ம் தேவை.

டயரின் ஒரே ஓரம் தேய்ந்தால் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்); டயரின் ரப்பர் கட்டைகளின் ஓரம் ரம்பப் பல் போலக் கூர்ந்திருந்தால் டோ. ஸ்டீயரிங் கோணலாக நின்று, கூடவே ஸ்டெபிலிட்டி விளக்கும் எரிந்தால் ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனர் வைத்து மறுபடி நேர்ப்படுத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி 7: கிளம்பும்போது தரைக்குள்ளிருந்து நடுக்கம்

பின்பக்கத்தை உயர்த்தியதும், சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில், நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது நடுங்கி, வேகம் பிடித்ததும் அடங்கினால் பெரும்பாலும் நடு பேரிங் பக்கத்துக் கோணம்தான். அந்த பேரிங் தாங்கியைச் சில மில்லிமீட்டர் கீழிறக்கும் தகடு வைத்தால் சரியாகும். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுங்கினால் முதலில் சக்கர பேலன்ஸைப் பாருங்கள். ஷாஃப்ட்டின் மூட்டான யூ ஜாயின்ட்டைக் கையால் திருகும்போது சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

அறிகுறி 8: முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது

சிவி பூட், அதாவது முன் சக்கரத்தைச் சுழற்றும் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, கிழிந்திருக்கிறது. கோணம் அதிகமானால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். இன்னும் சத்தம் இல்லை என்றால் பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது "டிக் டிக் டிக்" என்று வந்தால் ஜாயின்ட்டே போய்விட்டது. மறுபடி கிழிந்தால் உயரத்தைக் குறையுங்கள், அல்லது டிஃபரன்ஷியலை இறக்கும் கிட் போடுங்கள்.

அறிகுறி 9: பாரம் ஏற்றிப் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, வண்டி நிற்க நேரமாகிறது

இதை ஷாக்கின் தலையில் கட்டிவிடாதீர்கள். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேல் சேசிஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு இறங்கும். பெட்டியில் எடை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நீங்கள் 50 மில்லிமீட்டர் உயர்த்தியதும், பாரம் இருந்தாலும் "பெட்டி காலி" என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். முன் பேட் சீக்கிரம் தேயும்.

அடியில் படுத்து அந்தக் கம்பியைத் தேடுங்கள். இருந்தால், உயர்த்திய அளவுக்கு அதன் தாங்கியையும் நீட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரேக் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அளவு வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்; கம்பியை நீங்களே வளைத்துவிடாதீர்கள்.

இந்த வேலையோடு சேர்த்து, பின் சக்கரங்கள் முழுவதும் தொங்கும்படி சேசிஸில் ஸ்டாண்ட் கொடுத்து, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரன்ஷியலின் மூச்சுக் குழாய் நான்கையும் விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தளர்வு இருக்க வேண்டும். முன்பக்கத்தில் இதையே ஸ்டீயரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி வைத்துப் பாருங்கள். பிரேக் ஹோஸ் நரம்பு போல விறைத்து நின்றால், நீளமான ஹோஸ் வந்து மாட்டும் வரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.